கள்வர் தலைவனும் கவிஞனும் வகித்த பதவி

சேர் வோல்ட்டர் ஸ்கொட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, பாடசாலை நாட்களிற் சுருக்கிப் படித்த 'ஐவன்ஹோ' நாவல்தான். சரித்திர நாவல் என்னும் துறைக்கு ஐரோப்பாவில் வழி திறந்துவிட்டவர் அவர். ஆனால் ஸ்கொட்லாந்தின் தெற்கெல்லைப் பகுதியில், செல்கேர்க் என்னும் சிறு நகரத்தின் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் அவரது சிலையில் நாவலாசிரியரைக் காண முடியாது. அவர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின், 1839இல், அச்சிலையை நிறுவிய ஊரவர் அவரை நீதிபதிக்குரிய அங்கியுடன் நிறுத்தி வைத்தார்கள். உலகத்துக்கு அவர் 'வேவர்லி'யின் ஆசிரியர். அந்தக் குன்றுநாட்டு மக்களுக்கோ 1799 முதல் 1832 வரை, ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுகள், அவர் தங்கள் ஷெரிப். அவர்களின் பேச்சுவழக்கில் அது 'ஷிறா' என்று வரும்.

அந்த நாவலாசிரியரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவர் அமர்ந்திருந்த நாற்காலியைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். அந்த நாற்காலிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு நாட்டுப்பாடலும் இருக்கிறது.

ஷெரிப் என்றாற் சிலருக்கு அமெரிக்கப் படங்களிலே இடுப்பிற் கைத்துப்பாக்கியும் நெஞ்சில் நட்சத்திரமுமாகக் குதிரையில் வரும் ஆள் தோன்றுவான். வேறு சிலருக்கு ரொபின் ஹூட்டைத் துரத்தித் திரிந்த நொட்டிங்ஹாம் ஷெரிப் தோன்றுவான். மூவருக்கும் வேர் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் ஒரு மாவட்டத்தின் அரச காரியக்காரனைக் குறித்த சொல் அது. சொல் ஒன்றாயினும் மூன்று நாடுகளில் அது மூன்று தொழிலாகப் பிரிந்துவிட்டது. அமெரிக்காவிற் பொலிஸ் அதிகாரி, இங்கிலாந்திற் பெரும்பாலும் சடங்குக்குரிய கௌரவப் பதவி, ஸ்கொட்லாந்தில் நீதிபதி. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே முதலாம் டேவிட் மன்னன் காலத்தில் ஸ்கொட்லாந்தில் வேரூன்றிய இப்பதவி, தொடக்கத்தில் எல்லாமுமாக இருந்தது. மன்னனின் வரியைத் திரட்டுவதும், படைக்கு ஆள் சேர்ப்பதும், கள்வரைப் பிடிப்பதும், பிடித்தவரை விசாரிப்பதும், தண்டிப்பதும் அந்த ஒருவனே.

செல்கேர்க் மாவட்டத்துக்கு அந்நாளில் எட்ரிக் காடு என்று பெயர். காடு என்றால் மரமடர்ந்த இடம் என்று மட்டும் கொள்ள வேண்டாம். மன்னன் வேட்டையாடுவதற்கென ஒதுக்கிய நிலம் என்பதே அதன் சட்டப் பொருள். எட்ரிக், யாரோ, ட்வீட் என்னும் ஆறுகளின் பள்ளத்தாக்குகள் கொண்ட நாடு அது. தெற்கே நடந்தால் இங்கிலாந்தின் எல்லை. இரு நாட்டவரும் ஒருவர் மந்தையை மற்றவர் இரவில் ஓட்டிச் செல்வதைப் பாவமாக எண்ணாத பிரதேசம்.

அங்கே வழங்கிய கதைப்பாடல் ஒன்று அந்தப் பதவி எவ்வாறு பிறந்தது என்று சொல்கிறது. மறே என்பவன் ஐந்நூறு ஆட்களுடன் எட்ரிக் காட்டை ஆண்டு வருகிறான். எந்த மன்னனையும் அவன் கேட்பதில்லை. செய்தி எடின்பரோவுக்கு எட்டுகிறது. 'யாரிடமிருந்து இந்த நிலத்தைப் பெற்றாய்?' என்று கேட்டுத் தூதன் வருகிறான். ஆங்கிலேயரிடமிருந்து என் வாளால் வென்றேன், எந்த மன்னனும் எனக்குத் தரவில்லை என்பது மறேயின் மறுமொழி. மன்னன் படை திரட்டிக்கொண்டு புறப்படுகிறான். ஈற்றில் இருவரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். மறே மண்டியிட்டுத் தன் கோட்டையின் திறப்புகளை ஒப்படைக்கிறான். மன்னன் அவனைத் தூக்கிலிடவில்லை. அந்தக் காட்டுக்கே ஷெரிப்பாக, அவனுக்குப் பின் அவன் வழிவந்தோரும் ஷெரிப்பாக இருக்கும்படி நியமித்துவிடுகிறான்.

கள்வனைக் காவலனாக்குவது ஆட்சியாளரின் பழைய உத்தி. எனக்குப் பிடித்த இடம் அதுவன்று. பாடலின் நடுவில் வரும் ஒரு சிறு காட்சி. மன்னனோடு வந்த பிரபுக்களில் ஒருவன் பக்ளூ என்னும் இடத்தின் தலைவன். 'ஒரு சட்டவிரோதியிடம் மன்னன் தானே நடந்து போவது மதிப்புக்கு அழகன்று. இவன் கொள்ளையடித்துச் சீவிப்பவன்' என்கிறான் அவன். மன்னனோ அவன் வாயை அடக்கிவிடுகிறான். கொள்ளையைப் பற்றி நீ பேசாதே, உன் குலத்தாரின் தொழுவத்திலே நிற்கும் மாடுகள் யாருடையவை என்பது ஊருக்குத் தெரியும் என்ற பொருள்பட ஒரு குத்தல். பாடலில் மன்னன் அந்தப் பக்ளூ பிரபுவைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அந்தப் பெயர் சேர் வோல்ட்டர் ஸ்கொட். நம் நாவலாசிரியரின் பெயரேதான். அவர் பெருமையோடு சொல்லிக்கொண்ட அதே ஸ்கொட் குலம்.

இனிப் பாடலை விட்டு ஏட்டுக்கு வருவோம். ஜோன் மறே என்பவருக்கு நான்காம் ஜேம்ஸ் மன்னன் 1509இல் செல்கேர்க் ஷெரிப் பதவியைப் பரம்பரை உரிமையாக வழங்கியமைக்குச் சாசனம் உண்டு. ஐந்நூறு ஆட்களோடு அவர் மன்னனை எதிர்த்து நின்றமைக்கு அப்படி ஒரு சான்றும் இல்லை. நாட்டுப்பாடல் ஏட்டிலுள்ள வெறும் நியமனத்தை எடுத்து அதற்கு ஒரு காரணக் கதையைப் பின்னிவிட்டது எனலாம். ஆயினும் பாடல் பொய் சொல்லிவிட்டது என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பதவி என்பது மன்னன் தந்த வேலையா, அல்லது ஒரு குடும்பம் தன் பலத்தால் வைத்திருந்த சொத்தா என்ற கேள்வியைப் பாடல் நேரே கேட்கிறது. அடுத்த இருநூற்று நாற்பது ஆண்டுச் சரித்திரம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

பரம்பரை ஷெரிப் என்றால் நடைமுறையில் என்ன? வீடும் வயலும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதுபோல் நீதிமன்றமும் வரும். மகன் சட்டம் படித்தவனா என்பதை எவரும் கேட்பதில்லை. அறவிடும் குற்றப்பணத்திலும் கட்டணத்திலும் அவனுக்கு வருமானம் உண்டு. வழக்காளி அவனுடைய குடியானவனாக இருக்கலாம், எதிராளி அவனுடைய மைத்துனனாக இருக்கலாம். தீர்ப்புச் சொல்லுகிறவன் அவனே, அல்லது அவன் கூலிக்கு அமர்த்திய பிரதிநிதி. நாட்டின் பல பாகங்களில் ஷெரிப்பின் அதிகாரத்துக்குள்ளே அடங்காத வேறு பிரபுக்களின் நீதிமன்றங்களும் இருந்தன. இன்னொருவன் பிடித்த கள்வனைத் தன் நிலத்தவன் என்று சொல்லி மீட்டெடுத்து, தன் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் உரிமையும் அவற்றிற் சிலவற்றுக்கு இருந்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்பதற்கு எட்ரிக் பள்ளத்தாக்கே சான்று. மறே குடும்பத்தவர் ஷெரிப்பாக இருந்த காலத்திலேதான், அதே பள்ளத்தாக்கில் அடம் ஸ்கொட் என்பவன் 'கள்வரின் அரசன்' என்று பெயர் எடுத்திருந்தான். ஈற்றில் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னனே தலையிட்டு 1530இல் அவனை எடின்பரோவில் விசாரித்துத் தலையை வாங்க வேண்டி வந்தது. ஊர்க்கதை அவனை அவன் வீட்டு முற்றத்து மரத்திலேயே தூக்கிலிட்டுவிட்டது. ஊர்க்கதைகளுக்குத் தூரத்தில் நடக்கும் மரணம் பிடிப்பதில்லை போலும்.

1707இல் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் இணைந்தபோது பிரபுக்கள் விழிப்பாக இருந்தார்கள். இணைப்பு உடன்படிக்கையின் இருபதாம் பிரிவு இந்தப் பரம்பரை நீதி உரிமைகளைச் சொத்துரிமை என்றே குறிப்பிட்டுப் பாதுகாத்தது. நீதி சொல்லும் அதிகாரத்தை வயலோடும் மாட்டோடும் சேர்த்து எண்ணிய காலம் அது.

அதை உடைத்தது ஒரு கிளர்ச்சி. 1745இல், நாடிழந்த ஸ்ருவட் அரச வம்சத்தின் இளவரசர் சாள்ஸ் எட்வேர்ட் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் இறங்கிக் கொடியேற்றினார். குலத்தலைவர்கள் சிலர் தம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பின்னே சென்றார்கள். 1746 ஏப்ரலில் கலோடன் வெளியில் அந்தப் படை அழிந்தது. அதன்பின் இலண்டன் அரசு தன்னைத் தானே கேட்டுக்கொண்டது: ஒரு தலைவனின் சொல்லுக்கு ஆயிரம்பேர் வாளெடுத்து வருவது எதனால்? அவன் அவர்களின் நிலக்காரன் மட்டுமல்லன், அவர்களின் நீதிபதியும் அவனே என்பது கிடைத்த மறுமொழிகளில் ஒன்று. 1747இல் பாராளுமன்றம் பரம்பரை நீதியதிகாரங்களை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1748 மார்ச் 25ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

சொத்து என்று ஒப்புக்கொண்ட ஒன்றைச் சும்மா பறிக்க முடியாதல்லவா? நட்டஈடு கொடுத்தார்கள். உரிமையாளர்கள் கேட்ட தொகை கொடுத்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல். ஈற்றிற் கொடுத்தது ஏறத்தாழ 152,000 பவுண். அதில் 21,000 பவுண் ஆர்கைல் கோமகன் ஒருவருக்கே போயிற்று. கிளர்ச்சியிற் சேர்ந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. செல்கேர்க்கின் மறே குடும்பத்தவர் தம் பங்கைப் பெற்றுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்கள். பாடலின்படி வாளால் வென்றது, சாசனத்தின்படி மன்னன் தந்தது, கணக்கேட்டின்படி பணம் கொடுத்து மீட்டது.

புதிய ஏற்பாட்டிலே இனி ஷெரிப்பாக இருப்பவர் சட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுகள் அப்புக்காத்தாக இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. சம்பளம் அரசினுடையது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய நாளிற் பிரபுவுக்குப் பதிலாக வேலை செய்தவனுக்குப் 'பிரதி ஷெரிப்' என்று பெயர். பிரபு போன பின்னரும் அந்தப் பெயர் போகவில்லை. மேலே ஒருவரும் இல்லாத பிரதியாகவே புதிய நீதிபதி நெடுங்காலம் கையெழுத்திட்டு வந்தார். அவருக்கும் ஒரு பதிலாள் இருந்தார். அவர் மாவட்டத்திலேயே தங்கி அன்றாட வழக்குகளைப் பார்ப்பவர்.

நமது நேயர்களுக்குச் சுவை தரக்கூடிய ஒரு சொல்லையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறேன். ஷெரிப் நீதிமன்றத்திற் குற்றவாளிக்கு எதிராக வழக்கை நடத்தும் அரச தரப்பு உத்தியோகத்தரின் பெயரை நம்மூர் பழைய வழக்கில் எழுதினால் 'பிறக்கிராசி பிஸ்கால்' என்றாகும். பிறக்கிராசி நமக்குப் போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல், பிஸ்கால் ஒல்லாந்தர் வழியாக வந்த சொல். இரண்டுக்கும் தாய் இலத்தீன். நம் நாட்டிற் பிஸ்கால் அழைப்பாணையும் கட்டளையும் கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்; ஸ்கொட்லாந்தில் அவர் குற்றத்தை எண்பிக்க எழுந்து நின்றார். அங்கே இன்றும் அந்தப் பெயர் மாறவில்லை.

இனி ஸ்கொட்டுக்கு வருவோம். 1792இல் எடின்பரோவில் அப்புக்காத்தானவர் அவர். ஒரு கால் ஊனம். பழம்பாடல்களில் அடங்காத மோகம். தொழிலிற் பெரிய பெயர் எடுத்துவிடவில்லை. அக்கால வழக்கொன்றை அவரே சுவையாகச் சொல்லியிருக்கிறார். ஜெட்பரோவில் வீடுடைத்த ஒருவனுக்காக வாதாடினார். வழக்கு முடிந்தபின் கொடுக்கப் பணமில்லாத அந்த ஆள், கூலிக்குப் பதிலாக இரண்டு ஆலோசனை சொன்னானாம். பெரிய காவல் நாயை வெளியிற் கட்டாதே, ஓயாமற் குரைக்கும் சின்ன நாயை வீட்டுக்குள் வைத்திரு. நுட்பமான புதுப் பூட்டை நம்பாதே, துருவேறிய பழைய கனத்த பூட்டைப் போடு. சட்டக் கல்லூரியில் கிடைக்காத பாடம்!

1799இன் பிற்பகுதியிற் செல்கேர்க் ஷெரிப் அன்ட்றூ பிளம்மர் இறந்தார். அவரும் பழமையில் ஈடுபாடுள்ளவர். மறேயின் பாடல் பற்றி ஸ்கொட்டுக்குத் தகவல் தந்தவர்களில் ஒருவர். அந்த இடம் அதே ஆண்டு டிசெம்பரில் ஸ்கொட்டுக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 300 பவுண் சம்பளம். அப்போது அவருக்கு வயது 28. மாவட்டத்தின் சனத்தொகை ஐயாயிரத்துச் சொச்சம், வேலைப்பளு அதிகமில்லை. எழுத விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்குமா?

கிடைத்தது எப்படி என்பதையும் மறைக்கக்கூடாது. ஸ்கொட்லாந்தின் பதவிகளையெல்லாம் அந்நாளிற் கையில் வைத்திருந்தவர் அமைச்சர் ஹென்றி டண்டஸ். அவரிடம் ஸ்கொட்டுக்காகப் பேசியவர்கள் பக்ளூ கோமகன் குடும்பத்தவர். பாடலில் மறேயைக் கொள்ளைக்காரன் என்று சொன்ன பக்ளூ தலைவனின் வழித்தோன்றல்கள் இவர்கள். பரம்பரை ஷெரிப் முறை சட்டத்தால் ஒழிந்து ஐம்பது ஆண்டுகளாகியும், அந்த நாட்டில் யார் ஷெரிப் என்பதைத் தீர்மானிப்பதில் பெரிய நிலக்காரனின் சொல்லுக்கு நல்ல பாரம் இருந்தது. ஸ்கொட் அதற்காக ஒருபோதும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. குலத்தலைவன் தன் குலத்தவனைக் கவனிப்பது அவருக்கு இயல்பான காரியம்.

பதவி ஏற்றவர் மாவட்டத்தைச் சுற்றினார். வழக்குகளுக்காக மட்டுமன்று, பாடல்களுக்காகவும். 1802இல் 'ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்தின் பாடல் தொகுதி' வெளிவந்தது. மறேயின் கதைப்பாடலும் அதில் இடம்பெற்றது. செல்கேர்க் ஷெரிப், செல்கேர்க் ஷெரிப் பதவியின் பிறப்புக் கதையை அச்சேற்றினார். அதிலே தன் பெயரே கொண்ட ஒருவன் மன்னனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் நீக்காமல் அப்படியே விட்டார். இத்தகைய நகைச்சுவை உணர்வுள்ள நீதிபதியை எனக்குப் பிடிக்கிறது. எட்ரிக்கில் ஆடு மேய்த்த கவிஞர் ஜேம்ஸ் ஹொக்கின் தாயார் மார்கரெட் லெயிட்லோவிடமும் அவர் பாடல் கேட்டார். அந்த அம்மையார் மட்டும் மகிழவில்லை. பாடுவதற்குப் பிறந்தவற்றைப் படிப்பதற்கு ஆக்கிக் கெடுத்துவிட்டீர் என்று ஷெரிப்பின் முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய குற்றச்சாட்டுக்கு ஷெரிப்பிடம் மறுமொழி இருந்ததா என்பது ஐயமே.

இதற்கிடையில் ஒரு சிக்கல். ஷெரிப் ஆண்டில் நான்கு மாதமாவது தன் மாவட்டத்திற் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்கொட் எடின்பரோவை விட்டு அதிகம் அசைவதில்லை. அங்கே தொண்டர் குதிரைப்படையில் வேறு உற்சாகமாக இருந்தார். மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதியாக இருந்த நேப்பியர் பிரபு இதைக் கண்டிப்பாகச் சுட்டிக்காட்டினார். ஸ்கொட்டுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சட்டம் சட்டந்தான். 1804இல் ட்வீட் நதிக்கரையில் ஆஷெஸ்டீல் என்னும் வீட்டைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அந்த நதிக்கரை வாழ்வின் ஆண்டுகளிலேதான் 'கடைசிப் பாணனின் பாட்டு', 'மாமியன்', 'ஏரியின் நாயகி' ஆகிய காவியங்கள் 1805, 1808, 1810 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்து அவருக்குப் புகழை வாரிக் கொடுத்தன. ஸ்கொட்டின் இலக்கிய வாழ்வில் நேப்பியர் பிரபுவின் முறைப்பாட்டுக்கு ஓர் இடம் கொடுக்கத்தான் வேண்டும். வருமானம் பெருகியதும் 1811இற் பக்கத்திலேயே சொந்த நிலம் வாங்கிப் பின்னர் அபட்ஸ்போர்ட் மாளிகையைத் தொடங்கினார்.

ஷெரிப் என்ற வகையில் அவர் எப்படி? அன்றாடப் பாரத்தைச் சுமந்தவர் பதிலாளாக இருந்த சாள்ஸ் எர்ஸ்கின். எனினும் ஸ்கொட் வெறும் பெயருக்கு இருந்தவரல்லர். அக்கால வழக்குகளிற் பெரும்பகுதி எழுத்து மூலம் நடந்தது. விண்ணப்பம், மறுமொழி, மறுமொழிக்கு மறுமொழி என்று கட்டுக் கட்டாய் வரும். அவற்றில் தம் கைப்படத் தீர்ப்பெழுதியிருக்கிறார். அந்தப் பழைய கட்டுகளைத் தேடி எடுத்து ஜோன் சிசம் என்னும் சட்டவறிஞர் 1918இல் 'சேர் வோல்ட்டர் ஸ்கொட் ஒரு நீதிபதியாக' என்று ஒரு நூலே எழுதினார். சிறு மாவட்டம், சிறு வழக்குகள்: கடன், கூலி, கொடுக்கல் வாங்கல். 'வேவர்லி'யை எழுதிய அதே கை, சில பவுண் தகராறுக்கும் நியாயம் எழுதிக்கொண்டிருந்தது.

ரொம் பேர்டியின் கதை எல்லாருக்கும் பிடித்தது. அவன் கள்ளமாக வேட்டையாடியதற்காக ஷெரிப்பின் முன் நிறுத்தப்பட்டவன். மனைவி, பிள்ளைகள், வேலையின்மை, அதேவேளை புதரெங்கும் ஓடித்திரியும் பறவைகள் என்று தன் நிலையை உருக்கமும் நகைச்சுவையும் கலந்து சொன்னான். ஷெரிப் அவனை மறியலுக்கு அனுப்பாமல் தன் வீட்டுக்கு ஆட்டிடையனாக அழைத்துக்கொண்டார். பின்னர் அவன் அபட்ஸ்போர்ட்டின் காரியக்காரன், எசமானின் வாழ்நாள் தோழன். 1829இல் அவன் இறந்தபோது ஸ்கொட் நிலைகுலைந்தார். மெல்றோஸ் தேவாலய வளவில் அவன் கல்லறைக்குக் கல் நாட்டியவரும் அவரே.

அழகிய கதைதான். ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் மறேயின் பாடல் எனக்கு நினைவில் வந்துவிடுகிறது. மன்னனின் காட்டில் விதியை மீறியவனை மன்னன் மன்னித்துத் தன் ஆளாக்கிக்கொண்டான். ஷெரிப்பும் அதையே செய்தார். சொல்ல வாய் இருந்ததால் ரொம் பேர்டி தப்பினான். வாயில்லாத ஒருவன் அதே நாளில் அதே குற்றத்துக்காக நின்றிருந்தால்? மனம் இளகுவது நல்ல மனிதனின் குணம். மனம் இளகாதபோதும் எல்லாருக்கும் ஒன்றுபோல் நடக்க வேண்டும் என்பதற்காகவே 1747ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஸ்கொட்டின் நெஞ்சில் பாதி இன்னும் பழைய பிரபுவின் மண்டபத்தில்தான் இருந்தது.

அந்தப் பிளவு அவரது நாவல்களுக்கு உயிராயிற்று. 1814இல் ஆசிரியர் பெயரின்றி வந்த 'வேவர்லி' எதைப் பற்றியது? 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றியது. தோற்றுப்போன மலைநாட்டுத் தலைவர்களின் வீரத்தையும் விசுவாசத்தையும் அதுபோல் மனமுருக எழுதியவர் இல்லை. அவர்கள் தோற்றிருக்காவிட்டால் 1747ஆம் ஆண்டுச் சட்டம் வந்திராது. அச்சட்டம் வந்திராவிட்டால் எழுதியவருக்கு ஆண்டுக்கு 300 பவுண் சம்பளத்தில் அந்த நாற்காலியும் இருந்திராது. நாவலும் கண்ணீரோடு இதே முடிவுக்குத்தான் வருகிறது: பழைய உலகம் அழகானது, ஆனால் அது போனது நாட்டுக்கு நன்மை. அது ஆசிரியரின் சமரசம் என்பார் விமர்சகர். அது ஓர் உத்தியோகத்தரின் அனுபவமும் ஆகும் என்பேன் நான்.

அடுத்த ஆண்டு வந்த 'கை மனெறிங்' நாவலில் ஷெரிப்பே நேரில் வருகிறார். கடற்கரைப் பாறையின் கீழே சுங்க உத்தியோகத்தன் ஒருவனின் பிணம் கிடக்கிறது. சிறுவன் ஒருவன் காணாமற் போய்விட்டான். ஷெரிப் வருகிறார், நிலத்திற் பதிந்த காலடிகளைப் பார்க்கிறார், இடத்தை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார், சாட்சிகளை விசாரித்துக் குறித்துக்கொள்கிறார். துப்பறியும் கதை என்னும் வகை பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னர் எழுதிய அத்தியாயம் இது. கற்பனையால் மட்டும் இதை எழுதிவிட முடியாது. இப்படியான விசாரணைக்குப் பொறுப்பாக இருந்தவரின் கை அதிற் தெரிகிறது.

அவரது கடைசி ஆண்டுகள் துயரமானவை. 1826இல் அவர் பங்காளியாயிருந்த அச்சகமும் பதிப்பகமும் வீழ்ந்தன. ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பவுண் அளவிலான கடன் தலையில் விழுந்தது. எழுதியே தீர்ப்பேன் என்று இறங்கினார். உத்தியோகச் சம்பளங்களைக் கடன்காரர் தொடவில்லை. 1830இல் எடின்பரோ உயர்மன்றத்தில் வகித்த எழுத்தர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஷெரிப் பதவியை மட்டும் விடவில்லை.

1831 மே மாதத் தேர்தல் வந்தது. பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டும் என்று நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அதுவரை செல்கேர்க் போன்ற மாவட்டங்களில் வாக்குரிமை விரல்விட்டு எண்ணக்கூடிய நிலக்காரர்களுக்கே உரியது. ஸ்கொட் அந்தச் சீர்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர். பக்கவாதத்தால் தளர்ந்திருந்த அவர் ஜெட்பரோவுக்குப் போனபோது நெசவாளர் கூட்டம் கல்லெறிந்தது. மூச்சை அடக்கிக் கொலை செய்து பிணம் விற்றுத் தூக்கிலேறிய பேர்க் என்பவனின் பெயரைச் சொல்லி, இவரையும் அப்படிச் செய்யுங்கள் என்று கூவியது. பக்கத்து மாவட்டமான செல்கேர்க்கில் அவரிடம் அப்படி எவரும் நடக்கவில்லை. ஆனால் அங்கே தம் கட்சிக்காரர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கும்போது ஒருவன் முரட்டுத்தனமாகத் தள்ளுவதைக் கண்டார். நடக்கவே முடியாத அந்தக் கிழ ஷெரிப் தம் கையாலேயே அவனைப் பிடித்துத் தேர்தல் முடியும்வரை மறியலில் வைத்தார் என்று அவரது மருமகன் லொக்ஹார்ட் எழுதுகிறார். லொக்ஹார்ட் அதை வீரச்செயலாகவே சொல்கிறார். நீதிபதியே பிடிக்கிறார், நீதிபதியே மறியலில் போடுகிறார், போடப்பட்டவன் எதிர்க்கட்சிக்காரன். 1509இன் ஜோன் மறேக்கு அது நன்றாக விளங்கியிருக்கும்.

ஸ்கொட்லாந்துக்கான சீர்திருத்தச் சட்டம் 1832 யூலையில் நிறைவேறியது. அவ்வாண்டு செப்ரெம்பர் 21ஆம் நாள் அபட்ஸ்போர்ட்டில் ட்வீட் நதியின் ஓசை கேட்கும் அறையிலே ஸ்கொட் காலமானார். அதுவரை அவரே செல்கேர்க் ஷெரிப்.

அதன் பின்னர் பதவி மெல்லமெல்லத் தன் மாவட்டத்தை இழந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்கேர்க், றொக்ஸ்பரோ, பெரிக் ஆகிய மூன்றும் ஒரே ஷெரிப்பின் கீழ் வந்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் பெயர்களைத் திருத்தியது: மாவட்டத்திலிருந்து வழக்குப் பார்த்த பதிலாளே இனி ஷெரிப், மேலே இருப்பவர் முதன்மை ஷெரிப். 1975இல் நாடு முழுவதும் ஆறு ஷெரிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. செல்கேர்க் இப்போது லோதியன், எல்லைப்புறப் பிரிவைச் சேர்ந்தது. ஸ்கொட் அமர்ந்து வழக்குக் கேட்ட, 1804 அளவிற் கட்டிமுடித்த நீதிமன்றம் சந்தைச் சதுக்கத்தில் அரும்பொருட்சாலையாகிவிட்டது. வழக்குகள் அதற்குச் சற்றுக் கீழே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டிய வேறொரு கட்டடத்தில் நடக்கின்றன.

செலவைக் குறைப்பதற்காக ஸ்கொட்லாந்து அரசு பத்து ஷெரிப் நீதிமன்றங்களை 2013க்கும் 2015க்கும் இடையில் மூடியது. அயல் ஊரான பீபிள்சின் நீதிமன்றமும் 2015இல் மூடப்பட்டது. செல்கேர்க் தப்பியது. பீபிள்ஸ் மக்கள் இப்போது தங்கள் வழக்குகளுக்கு ட்வீட் பள்ளத்தாக்கு வழியே செல்கேர்க்குக்கு வருகிறார்கள். ஆஷெஸ்டீல் வீடும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே, ஆற்றின் தென்கரையில் இருக்கிறது.